கட்டிப்போட்டவனுக்குச் சோறு போட்ட வில்லி

என் வில்லி அம்மாவுக்கு,

நீங்கள் நடித்த படம் வந்துவிட்டது. வந்த வேகத்தில் அதைப் பிரித்து மேய்ந்தும் விட்டார்கள். நீங்கள் இருந்திருந்தால் பத்திரிகையை மடித்து ஜன்னலோரம் வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை, வரவும் வேண்டாம்.

சென்னை வாரப் பத்திரிகை ஒன்றில் ஒரு விமர்சகர் எழுதியிருக்கிறார்: "ஆளுக்கொரு படத்தில் நடித்துவிட்டு, தவறுதலாக ஒரே படத்தில் வந்து நிற்கிறார்கள்." சரி, இதை நான் மறுக்கவில்லை. சீரியலில் அழுதே பேர் வாங்கியவர்தான் காமெடி ஹீரோ. பம்பாயிலிருந்து வந்த ஹீரோயின் வசனத்துக்குப் பதிலாக ஒன்று, இரண்டு, மூன்று என்று வாயசைத்ததை நம் பனியன் கம்பெனியே பார்த்தது. பனியன் பெட்டியில் வைரம் கடத்துகிற கதையில் லாஜிக் தேடுகிறவரை நான் என்ன சொல்ல? ஆனால் அடுத்த வரியில் உங்களைத் தொட்டார் பாருங்கள். "பயமுறுத்த வேண்டிய கடத்தல் தலைவி, தான் கட்டிப்போட்டவனுக்குப் பந்தி பரிமாறுகிறார். இந்தக் காட்சியை வெட்டினால் படத்துக்கு நல்லது."

உங்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? நம் கம்பெனியில் ஷூட்டிங் நடந்த அன்று, வில்லியாக நடிக்க வரவேண்டிய நடிகை வரவில்லை. துணி ரோல் மேல் உட்கார்ந்திருந்த லைட்காரரை நீங்கள் எழுப்பி விரட்டிக்கொண்டிருந்தீர்கள். அதைப் பார்த்துத்தான் டைரக்டர் உங்களிடம் வசனத்தைக் கொடுத்தார். உண்மையைச் சொல், இல்லாவிட்டால் சுட்டுவிடுவேன் என்று ஒரே வரி. நீங்கள் நாற்காலியில் கட்டுண்டு கிடந்த ஹீரோவைப் பார்த்தீர்கள்.

"ஏனுங், காத்தாலருந்து கட்டிப்போட்டிருக்கற பையன, சோறு தின்னியான்னு ஒரு வார்த்த கேக்காம எப்படிங்க சுட்டுப்போடறேன்னு சொல்றது?"

டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்படியே எடுத்தார். டப்பிங்கிலும் உங்கள் குரலையே வைத்துக்கொண்டார்.

அது காமெடி மட்டும் இல்லை என்று நம் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குடித்துவிட்டு வந்த டெய்லரிடம் நீங்கள், "மொதல்ல சாப்புடுங்க சாமி, பொறவு பேசிக்கலாம்" என்றால் அவனுக்குச் சோறு இறங்காது. நீங்கள் சத்தம் போட்டு யாரும் பயந்ததில்லை. மரியாதை கூடக்கூடத்தான் பயந்தோம்.

பத்திரிகை சொன்னதை விநியோகஸ்தர் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து அந்தக் காட்சி கிடையாது என்று நம்மூர்த் தியேட்டர் மேனேஜர் போன் செய்து அண்ணனிடம் சொன்னார். அண்ணன் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா?

"வெட்டட்டும் உடு அம்மிணி. கல்யாணங்காச்சிக்குப் போனா, உங்கம்மா படத்துல சோறு போடறாங்களாமான்னு கேட்டுச் சிரிக்கறாங்க. இதோட போகட்டும்."

எனக்கு வந்த கோபத்தை அப்படியே எழுதினால் நீங்கள் திட்டுவீர்கள். வீட்டில் உங்கள் போட்டோ எத்தனையோ இருக்கிறது. குரல்? என் கல்யாண வீடியோவில் உங்கள் வாய் அசைகிறது, மேலே சினிமாப் பாட்டு ஓடுகிறது. நீங்கள் பேசுவது இந்த உலகத்தில் அந்த ஒரு காட்சியில்தான் இருக்கிறது. அதை வெட்டிப் போடுவார்களாம், பெற்ற பிள்ளைகள் சும்மா இருக்க வேண்டுமாம்.

அண்ணனிடம் நான் கத்தவில்லை. உங்களைப் போலவே கேட்டேன்.

"ஏனுங்ண்ணா, வெட்டச் சொல்றதுக்கு முன்னால நீங்க அத ஒருக்கா பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. படம் வந்த நாளிலிருந்து தியேட்டர் இருக்கிற தெருவையே சுற்றிக்கொண்டு போனவர் அவர். ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனேன்.

லீவு நாள், அரங்கு முழுக்கக் கம்பெனி ஆட்கள். ஹீரோ அழுதபோது சிரித்தார்கள், சிரிக்க வைக்க முயன்றபோது கொட்டாவி விட்டார்கள். அண்ணன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, வெளியே போகிற கதவையே பார்த்தபடி இருந்தார். அப்புறம் நீங்கள் வந்தீர்கள். ஹீரோவின் ஒரு கையை மட்டும் அவிழ்த்துவிட்டு, தட்டில் சோற்றைப் போட்டீர்கள். சிரிப்பில் கூரை பிய்ந்துகொண்டது. முன்வரிசையில் மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன், "ஏத்தா, எனக்கும் ஒரு உருண்ட போடுத்தா" என்றான்.

ஹீரோ சாப்பிட்டு முடித்தான். நீங்கள் தட்டை வாங்கி ஓரமாக வைத்தீர்கள். "இப்பச் சொல்லுங்க சாமி. பொட்டி எங்கீங்க?"

ஒரு சத்தம் இல்லை அம்மா. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் காலைக் கீழே இறக்கி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

இடைவேளையில் நேராக மேனேஜர் அறைக்குப் போனார். மேனேஜர் பத்திரிகையை எடுத்துக் காட்டினார்.

"எழுதுனவரு எங்கூட்ல சோறு தின்னதில்லீங்க" என்றார் அண்ணன். "எங்கம்மாவ வெட்டாதீங்க."

அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. நீங்கள் போன அன்றுகூட அவர் அழவில்லை.

இங்கே வெட்டவில்லை. வியாழனோடு படத்தை எடுத்துவிடுவார்கள், எடுக்கட்டும். மற்ற ஊர்களில் என்ன செய்தார்களோ, தெரியவில்லை. அந்த விமர்சகரை ஒன்று மட்டும் கேட்க ஆசை: உங்களை யாராவது அத்தனை மரியாதையாக மிரட்டியிருக்கிறார்களா ஐயா?

வெட்டாத படத்தை சிடியில் தருவதாக டைரக்டர் ஒத்துக்கொண்டார். உங்கள் முதல் வருஷத் திதிக்குச் சொந்தபந்தம் முழுக்க வரும், கல்யாணங்களில் சிரித்தவர்களும் வருவார்கள். இலை போட்டதும் டிவியைக் கூடத்துக்கு நடுவில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, உங்கள் காட்சியைப் போடுவேன். அண்ணனும் சரி என்றுவிட்டார். அன்றைக்கு நம் வீட்டில் எல்லோரையும் பந்திக்குக் கூப்பிடப்போவது நீங்கள்தான். யார் வாய்க்குள் சோறு இறங்குகிறது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் வாயும் உங்கள் கோபமும் வாய்த்த மகள்,
பூங்கொடி