எஞ்சின் 82, யாழிசை தூக்கம்

சித்திரை 19, காலை 5.50. பண்ணாரி அடிவாரம்.
எஞ்சின் 82 டிகிரி. வெளியே 38. குழந்தை தூக்கம்.

சுமை வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இந்தக் குறிப்பேட்டை எழுத வேண்டும் என்பது மலைமேல் குளிர்முகாம் வாசலின் விதி. ஓட்டுநர் பூங்கோதை, எம்.எஸ்சி. இயற்பியல். உடன் வருவது மகள் யாழிசை, ஏழு மாதம். பழைய டீசல் பிக்கப். பின்னால் சக்கரத்தொட்டியில் 2,400 லிட்டர் தண்ணீர், மூடியில் ஈய முத்திரை. பேட்டரி வண்டிகள் இந்த வெயிலில் மலையேறுவதில்லை.

தொட்டியைக் குறையாமல் கொண்டுவருகிறவருக்கும் ஒரு குழந்தைக்கும் மேலே குளிர்முகாமில் இடம் உண்டு. தொட்டியை மட்டும் எடை போடுவார்கள். பதினோரு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். போன வாரம் சூட்டில் யாழிசைக்கு வலிப்பு வந்தது. இன்னொரு தடவை தாங்காது என்றார் டாக்டர்.

ரேடியோவில், மேலே வாசல் காவலுக்கு இருக்கும் ரங்கநாயகி அக்கா: "டீசல் வண்டியா? எந்தப் பரண்ல இருந்து இறக்குன அம்மிணி? இருபத்தேழு வளைவு. பதனமா ஏறி வா."

6.45. வளைவு 4.
எஞ்சின் 97. வெளியே 40. குழந்தை பால் குடித்தாள்.

சமவெளியில் இந்த எஞ்சின் முள் 85ஐத் தாண்டியதே கிடையாது. காரணம் எனக்குத் தெரியும். எழுதிவிடுகிறேன்.

வண்டி யாழிசையின் அப்பாவுடையது. போன கோடையில் அவர் இறந்துபோனார். அதன் பிறகு மெக்கானிக் சென்னியப்பனிடம் விட்டபோது, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியில் இருக்கும் வால்வைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "நம்மூரு வெய்யிலுக்கு இது எதுக்குங் அம்மிணி? எல்லா வண்டிக்கும் கழட்டிப் போட்டுர்றதுதான். ஜில்லுனு ஓடும்."

அந்த வால்வு சூட்டில் திறக்கும்போதே தண்ணீரின் குறுக்குவழியையும் அடைக்கும். அது இல்லாவிட்டால் கொதிநீரில் பாதி, ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பிவிடும். வெறும் வண்டிக்குத் தெரியாது. பாரம் இழுத்து மலையேறும்போது தெரியும். இதைப் படித்தவள் நான். படித்த திமிர் என்று நினைப்பாரோ எனத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

7.40. வளைவு 10.
எஞ்சின் 110. வெளியே 42. குழந்தை அழுகிறாள்.

நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, நாற்பது நிமிடம் காத்திருந்தேன். 96க்கு இறங்கியது. துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியை மெல்லத் திருகி, கேனில் கொண்டுவந்த ஐந்து லிட்டர் தண்ணீரையும் ஊற்றினேன். குடிக்க ஒரு பாட்டில் மட்டும் மீதி.

9.00. வளைவு 15.
எஞ்சின் 112. வெளியே 43.

ஒரு வழி இருக்கிறது. டேஷ்போர்டில், எங்கள் ஊரில் யாரும் திருப்பாத குமிழ்: ஹீட்டர். எஞ்சின் சூட்டை உறிஞ்சி உள்ளே ஊதும். எஞ்சின் பிழைக்கும். உள்ளே யாழிசை இருக்கிறாள்.

திருப்பினேன்.

9.25. வளைவு 18.
எஞ்சின் 103. வண்டிக்குள் 48.

கண்ணாடிகளை இறக்கிவிட்டேன். ஈரத்துணி அவள்மேல் பத்து நிமிடத்தில் காய்ந்துபோகிறது. முகம் சிவந்து, வியர்வை ஓடுகிறது. வியர்க்கும்வரை பயமில்லை என்றார் டாக்டர். வளைவுக்கு வளைவு கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். ஈரம். சரி.

9.50. வளைவு 21.
எஞ்சின் 114. பாட்டில் காலி.

தொட்டி முத்திரையை உடைக்கட்டுமா என்று ரேடியோவில் கேட்டேன். எடை குறைந்தால் கதவு திறக்காது, அது இயந்திரம், தன் கையில் இல்லை என்றார் அக்கா. பிறகு சன்னமாக: "தராசுக்குத் தண்ணியும் ஒண்ணுதான் கல்லும் ஒண்ணுதான் அம்மிணி. நாஞ் சொல்லல."

10.15. அதே வளைவு.
எஞ்சின் 98.

உடைத்தேன். பதினைந்து லிட்டர் ரேடியேட்டருக்கும் யாழிசைக்கும் எனக்கும். தொட்டிச் சட்டத்தில் மூன்று பாறைக்கல் கட்டியிருக்கிறேன், ஏறக்குறைய அதே எடை. உள்ளங்கையெல்லாம் தோல் உரிந்துவிட்டது. குளிப்பாட்டியதும் சிரித்தாள்.

10.32. வளைவு 24.
எஞ்சின் 85. ஓட்டிக்கொண்டே எழுதுகிறேன்.

இறங்குகிறது! 79. ஹீட்டரிலும் இப்போது அனல் இல்லை, வெறும் காற்று. யாழிசையும் அழுகையை நிறுத்திவிட்டாள். தூங்குகிறாள். இன்னும் மூன்று வளைவு. அக்காவிடம் சொன்னேன். "டீ போட்டு வெக்கறேன், வா" என்றார்.

10.37. வளைவு 25.
எஞ்சின் 64.

இத்தனை பாரத்தில் 64 வராது.

சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சூட்டைச் சொல்லும். ஹோஸ் எங்கோ பிய்ந்திருக்கிறது. தண்ணீர் மொத்தமும் போய்விட்டது. முள் சொல்வது வெறும் காற்றின் சூட்டை. ஹீட்டருக்கும் தண்ணீர் வரவில்லை, அதனால்தான் அனல் இல்லை.

கழுத்தைத் தொட்டேன். காய்ந்திருக்கிறது. சொரசொரவென்று காய்ந்திருக்கிறது. தூக்கமில்லை இது.

10.41.
எஞ்சின் இறுகிவிட்டது. முள் இன்னும் 61 என்கிறது.

அக்கா ஆள் கேட்டிருக்கிறார். பதினோரு மணிக்குள் வந்து திரும்ப முடியாது, அதற்குமேல் சாலையில் இறங்க யாருக்கும் அனுமதியில்லையாம். சாயங்காலம் ஐந்துக்குத்தான். "நான் கேட்டுக்கிட்டே இருக்கறேன். தூங்கிராத அம்மிணி."

10.46.
வெளியே 45. நிழல் இல்லை, இந்த வெயிலில் அவளைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியாது. தொட்டி மூடி ஆள் இறங்கும் அகலம். தண்ணீர் என் கழுத்துவரை இருக்கும். கதகதப்புத்தான், ஆனாலும் அவள் உடம்பைவிடக் குளிர்ச்சி. அவள் தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளலாம். ஐந்து மணிவரை. கை தாங்கும். தாங்க வேண்டும்.

குறிப்பேட்டை மூடிமேல் வைத்துப் போகிறேன். மூடியை வெயிலுக்குப் பாதி சாத்திக்கொள்வேன்.

இதைக் கண்டெடுக்கிறவருக்கு: வண்டிக்குள் தேடாதீர்கள். தொட்டியைத் தட்டுங்கள், உள்ளிருந்து தட்டுவேன்.

இரண்டு தட்டு என்றால் இருவரும் இருக்கிறோம்.

ஒரு தட்டு என்றால் மூடியை மறுபடி சாத்திவிட்டுப் போய்விடுங்கள்.