இரண்டு வரலாறுகளும் ஒரு சாமியும்

அஸ்தம்பட்டி, சேலம்
புதன்கிழமை

அன்புள்ள மகள் டெபோராவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான், மனதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அயர்லாந்துக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் எனக்கு வார்த்தை முன்பின்னாகிவிடுகிறது, வாட்ஸ்அப்பில் எதையும் எழுத இனிக் கை வராது. அதனால் நூலகத்தில் வேலை பார்த்த காலத்துப் பழக்கப்படி எண் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

1. எங்கள் உடல்நிலை.
2. இரண்டு வரலாற்று நூல்களை ஒப்பிட்டு நான் எழுதியதும் அதனால் வந்த வினையும்.
3. என் முடிவு சரியானதே என்பதற்கு ஆதாரம்.
4. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் போகாமல் இருப்பதே நல்லது என்பது.

முதலாவது, அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நீ அனுப்பிய தைலத்தால் என்கிறாள், டாக்டரோ தன் மாத்திரையால் என்கிறார், நான் இருவரையும் மறுக்கவில்லை. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ரத்த அழுத்தம் மட்டும் போன வாரத்திலிருந்து ஏறியிருக்கிறது. டாக்டர் ஏதாவது கவலையா சார் என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன், அவர் எந்தப் பக்கத்தவர் என்று தெரியாதபோது எப்படிச் சொல்வது.

இரண்டாவது. பள்ளிபாளையம் தோழர் இளவழகனார் பெயரை நீ சிறுமியாக இருந்தபோது சுவர்களில் பார்த்திருப்பாய். விசைத்தறித் தொழிலாளர்களுக்குச் சங்கம் கண்டவர், உழைப்பைப் பற்றியும் சொத்தைப் பற்றியும் அவர் எழுதிய சிறு நூல்களைப் படித்துவிட்டு வேலையை விட்டவர்கள் உண்டு, கடவுள் இல்லை என்று கடைசிவரை மேடையில் பேசியவர். அவர் வாழ்க்கையை இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒன்று சென்னையில் பேராசிரியராக இருக்கும் தனபால் எழுதிய தடித்த புத்தகம், மற்றது அவருடைய சங்கத்துத் தோழர் சண்முகவேல் எழுதிய மெல்லிய புத்தகம். இரண்டையும் ஒப்பிட்டு எங்கள் வாசகர் வட்டத்துக் காலாண்டிதழுக்கு ஒரு கட்டுரை தரும்படி செயலாளர் பாலசுந்தரம் கேட்டார். சாமி சார், உங்க அளவுக்கு நிதானமாப் படிக்கிற ஆளு வேற யாருங்க இருக்காங்க என்று அவர் சொன்னதில் மயங்கிவிட்டேன். பிறப்பு, படிப்பு, சிறை, எழுத்து, இறப்பு என்று தலைப்புப் பிரித்து வரிவரியாக ஒப்பிட்டேன். இறப்பு என்ற தலைப்பில்தான் அகப்பட்டுக்கொண்டேன். தனபால் எழுதுகிறார், கடைசி மூச்சுக்கு முன் இளவழகனார் "சாமி, சாமி" என்று அழைத்தார், வாழ்நாள் முழுதும் மறுத்த கடவுளை அவர் நெஞ்சு கடைசியில் தேடியது என்று. சண்முகவேல் எழுதுகிறார், தோழர் வேலைநிறுத்தம் என்னவாயிற்று என்று விசாரித்துவிட்டு அமைதியாகக் கண்மூடினார் என்று. நான் முதல் புத்தகமே நம்பத்தக்கது என்று தீர்ப்பு எழுதினேன். நாற்பது பேர்கூடப் படிக்காத இதழ் அது. ஆனால் யாரோ அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். கிறிஸ்தவரே சாட்சி சொல்கிறார், நாத்திகர் கடைசியில் கடவுளைக் கூப்பிட்டார் என்று ஒரு கூட்டம் கொண்டாடுகிறது. யாரோ எழுதச் சொல்லி ஆரோக்கியசாமி எழுதியிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கேட்டுக்கொள்வோம் என்று இன்னொரு கூட்டம் எழுதுகிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசகர் வட்டம் நடத்தும் கூட்டத்தில் நான்தான் பேச்சாளர். அம்மாவிடம் சொன்னால் அவள், ஏங்க, சாமி சாமின்னு கூப்பிட்டாருன்னா ஒருவேளை உங்களைத்தான் கூப்பிட்டாரோ என்னவோ என்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று மாலை இரண்டு பேர் வண்டியில் வந்து வாசலில் நின்றார்கள். ஆரோக்கியசாமி சார் ஊடு இதுங்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆமாம் என்றேன். ஞாயித்துக்கிழமை பேசுறீங்கள்ல சார், நாங்களும் வாரோம், நல்லா நெறைய பேரோட வாரோம் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அதிலிருந்து ஏற்காடு ரோட்டில் எந்த வண்டி வேகத்தைக் குறைத்தாலும் எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். வாசல் விளக்கைப் போட்டு வைப்பதா அணைத்து வைப்பதா என்றுகூட என்னால் முடிவு செய்ய முடியவில்லை. விவரம் முழுதும் தெரியாமலே நீ போனில் போகாதீங்கப்பா என்று சொன்னது நியாயம்தான்.

மூன்றாவது, ஆனாலும் என் முடிவு சரி என்றே நினைக்கிறேன். தனபால் சாட்சி காட்டுகிறார், பக்கத்து வீட்டு முத்தாயம்மாள் என்பவர் அந்த நேரத்தில் கட்டிலருகே இருந்து தம் காதால் கேட்டதாக அடிக்குறிப்பு இருக்கிறது. சண்முகவேல் சாட்சி காட்டவில்லை, அன்றைக்குத் தாம் ஊரிலேயே இல்லை என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். சாட்சி உள்ள கூற்று, சாட்சி இல்லாத கூற்று இரண்டையும் வைத்துப் பார்த்தால் எவரும்

இந்த இடத்தில் வாசல் மணி அடித்தது, நிறுத்திவிட்டேன். இப்போது மாலையாகிவிட்டது. வந்தவர் இளவழகனாரின் மகள் உஷாராணி. ஈரோட்டில் வங்கியில் அதிகாரியாக இருக்கிறாராம், ஐம்பது வயது இருக்கும், விடுப்புப் போட்டுவிட்டுப் பள்ளிபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். அவர் பெயரைச் சொன்னதும் கதவை முழுதாகத் திறந்துவிட்டேன். மற்ற எல்லாரையும்விட அவருக்குத்தான் நான் அதிகம் பயந்திருக்க வேண்டும், அவரை நினைக்கவே இல்லை. அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள், அவர் தொடவில்லை. என் கட்டுரையை மடித்துப் பையில் வைத்திருந்தார். ஐயா, நீங்க இந்த ஊருக்கு வந்து எத்தனை வருசமாச்சுங்க என்று கேட்டார். திண்டுக்கல்லிலிருந்து வந்து நாற்பது ஆகப்போகிறது என்றேன். அதுக்கப்புறமுமா ஐயா என்றார். எனக்கு விளங்கவில்லை. அப்புறம்தான் சொன்னார், எங்கப்பா என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லீங்க, எங்க பக்கம் புள்ளைங்களைச் சாமின்னுதான் கூப்பிடுவாங்க, கடவுள் இல்லைன்னு தொண்டை கிழியப் பேசிப்போட்டு ஊட்டுக்கு வந்து, சாமி, பசிக்குது, சோறு போடு சாமிம்பாரு, எங்கம்மாகூட, ஏனுங்க, மேடையில இல்லாத சாமி அடுப்படியில மட்டும் எப்படிங்க வந்துச்சுன்னு கேலி பண்ணும் என்று. சொல்லும்போது சிரித்தார், அந்தச் சிரிப்பு பாதியிலேயே கலைந்துவிட்டது. அன்னைக்கு நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தேனுங்க, வாரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு, முத்தாயம்மா எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை, நானும் கேக்கலை, அந்தம்மா போயிச் சேர்ந்தும் பல வருசமாச்சு. அந்த ரெண்டு புஸ்தகத்தையும் பிரிச்சுப் பாக்க எனக்கு மனசு வரலைங்க. அப்பா கடைசியா என்னத் தேடுனாரா இல்லியான்னு தெரியாமயே இருந்தேன், உங்க கட்டுரையைப் படிச்சுத்தானுங்க தெரிஞ்சுது என்றார்.

டெபோரா, உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. நீ நாலு வயதில் வாசலிலிருந்து ஓடிவந்து, அப்பா, பால்காரம்மா என்னச் சாமிங்கறாங்க, நான் சாமியா என்று கேட்டாய். ஓமலூர்ப் பக்கத்து அந்த அம்மாள் தினமும் நம் வாசலில், சாமி, சொம்பை எடுத்துட்டு வா சாமி என்று உன்னை அழைத்ததை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அடிக்குறிப்பை எல்லாம் சரிபார்த்தவன் அதை நினைக்கவில்லை. எனக்குச் சாமி என்றால் ஒன்று ஆண்டவர், இல்லாவிட்டால் பங்குச் சாமியார். தனபாலுக்கும் அப்படியே இருந்திருக்கும். சண்முகவேல் பள்ளிபாளையம் பக்கத்துக்காரர், கேட்டிருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார், ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்துப் பயந்தாரோ, அல்லது அவர் காதுக்கே வரவில்லையோ, விட்டுவிட்டார். சாட்சி பொய் சொல்லவில்லை. கேட்ட சொல் கேட்டபடியே இருக்கிறது, அதைப் படித்த நான்தான் தவறு.

போகும்போது உஷாராணி என்னிடம் ஒன்று கேட்டார். ஞாயித்துக்கிழமை நீங்களே சொல்லோணுங்க ஐயா, நான் சொன்னா மக அப்பனைக் காப்பாத்தறான்னு சொல்லிருவாங்க, எழுதுன ஆளு சொன்னாத்தான் நிக்கும், அது என் பேருங்க, அதைக் கொண்டுபோயி யாரோ கொடி பிடிக்கறாங்க என்றார். நான் சரி என்று சொல்லவில்லை, தலையை மட்டும் அசைத்தேன், அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியவில்லை. அவர் போனபின் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்று ஒரு பக்கம் என்னைத் திட்டுகிறது, ஒரு பக்கம் கொண்டாடுகிறது. ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னால் கொண்டாடுகிற பக்கமும் திட்டும், மற்றவர்களும் முதலில் எழுதியதை மன்னிக்கப்போவதில்லை. பாலசுந்தரம் போலீசுக்குச் சொல்லி வைக்கிறேங்க சார் என்றார், அது என் பயத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. அம்மா கேலி பேசுவதை நிறுத்திவிட்டாள். என் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டியிருக்கிறாள்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது ஞாயிற்றுக்கிழமை கடந்து போயிருக்கும். அதற்காகவும்தான் தபாலில் போடுகிறேன், போனில் நீ மறுபடியும் வேண்டாம் என்று சொன்னால் எனக்கு அது போதும், கேட்டுவிடுவேன். சின்னவளுக்கு ஊசி போட வேண்டிய தேதியை மறந்துவிடாதே, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மாதம் ஒருமுறையாவது போன் செய். ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். எனக்காகவும் ஒரு வார்த்தை செபித்துக்கொள்.

மேலே எண் போட்டதை அடித்துத் திருத்தவில்லை, நீ பார்க்கட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

உன் அன்பு அப்பா,
ஆரோக்கியசாமி

மூன்றாவது எண் தவறு. அது தவறான பிறகு நான்காவதும் நிற்காது.