மேல்கதவு

மன்னார்,
கார்த்திகை, ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள அப்பாவுக்கு,

கையில் போன் இருக்கக் கடிதம் எழுதுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். போனில் நான் சாப்பிட்டீங்களா என்று கேட்பேன், நீங்கள் நீ சாப்பிட்டியா என்று கேட்பீர்கள், அதோடு இரண்டு பேருக்கும் கதை முடிந்துவிடும். நினைத்து வைத்ததெல்லாம் சொல்லாமலே போய்விடும். எழுதினால் கொஞ்சமாவது வரும் போல இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

நான் சுகம். நீங்களும் சுகம் என்று இந்த முறை நம்பி எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கிளினிக்கில் டொக்டர் சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை, இனிப் பயப்படத் தேவையில்லை என்று சொன்னபோது நீங்கள் தலையை ஆட்டிவிட்டு, ஊருக்குப் போகப் பெரியமடு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டீர்கள். நான் குழாயடிக்குப் போய் முகம் கழுவுகிற சாட்டில் கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான். அன்றைக்கு இரவு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். எலிக்காய்ச்சல் வந்து நீங்கள் தனியாகச் சுருண்டு கிடந்த நாட்களையும், உழவு மெசின்காரர் விதைப்புக்குக் கூப்பிட வந்து உங்களைக் கண்டதையும் பற்றி இனி நான் கதைக்க மாட்டேன். அவர் வந்தார். அது போதும்.

நான் இருக்கிற இடத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வைகாசியில் இங்கே குடிவந்தபோது, பல குடும்பங்கள் ஒரே வளவுக்குள் சேர்ந்து இருக்கிற இடம் என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நான் தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்தேன், முகாம்ல கெடந்தேன். மூணாவது வாட்டியும் அடுத்தவன் இருமல் கேட்டு முழிக்கணுமா பாப்பா?" அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும்.

இது அன்ரோனெற் ரீச்சரின் காணி. பிள்ளைகள் எல்லோரும் கனடாவில். பெரிய வளவில் தனியாக இருக்க மனமில்லாமல், தெரிந்த குடும்பங்களைக் கூப்பிட்டுச் சேர்ந்து கட்டியிருக்கிறார்கள். எட்டுச் சின்ன வீடுகள், நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு பொதுக் குசினியும் நீளமான விறாந்தையும். எங்கள் எல்லோருக்கும் சொந்தக் குசினியும் குளியலறையும் தனித்தனியாக உண்டு. ஒரு வீட்டுச் சுவர் இன்னொரு வீட்டுச் சுவரில் முட்டாது. இருமல் என்று பார்த்தால், இங்கே இருக்கிற கடைக்கார வஸீர் அண்ணனின் இருமல் மட்டும் கேட்கும். அது தீவின் மறுமுனையில், தலைமன்னாரில் நின்றாலும் கேட்கும்.

செவ்வாயும் வெள்ளியும் இரவுச் சாப்பாடு எல்லோருக்கும் பொதுக் குசினியில். முறை வைத்துச் சமைக்கிறோம், ஆம்பிளைகளும்தான். நோன்பு காலத்தில் சாப்பாட்டு நேரம் மாறுமாம். தவக்காலத்து வெள்ளியில் ரீச்சருக்காக எல்லோரும் மரக்கறி சாப்பிடுவார்களாம். என் முறைக்கு நான் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் செய்தேன். ரொட்டி வட்டமாக வரவில்லை. இலங்கைப் படம் கீறியிருக்கிறாய் பிள்ளை, மன்னார்த் தீவைத்தான் காணவில்லை என்றார் அருட்பிரகாசம் ஐயா. ஆனால் ஐந்து ரொட்டி சாப்பிட்டார். அவர் கடற்றொழில் செய்கிறவர், எனக்கு எதிர்வீடு.

வந்த புதிதில் எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை, அப்பா. அதை உங்களிடம் சொல்லவில்லை. விடியக் கதவைத் திறந்தால் படுக்கும்வரை யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ரீச்சர் வருவா, பிள்ளைகள் வருவார்கள், பக்கத்து வீட்டு ஸஹ்றா அக்கா தைக்கிற துணியையும் தூக்கிக்கொண்டு வந்து கதிரையில் இருந்துவிடுவா. எல்லோருக்கும் தேத்தண்ணி போடுவேன். என்ன கதைப்பது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே இருப்பேன். கன்னம் நோகும். கடைசியில் கந்தோரில் வேலை முடிந்தும் வீட்டுக்கு வராமல், பாலத்தடியில் நின்று கடலைப் பார்த்துவிட்டு இருட்டின பிறகு வரத் தொடங்கினேன்.

ஒருநாள் ஸஹ்றா அக்காவே கேட்டா, ஏன் பிள்ளை வரவர மெலிகிறாய் என்று. எனக்குக் கண்ணீர்தான் வந்தது. பிறகு மெதுவாகச் சொன்னேன். அவ கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னா: "அப்ப மேல்கதவைச் சாத்த வேண்டியதுதானே. நாங்கள் நீ தனிச்சுப் போனாய் எண்டெல்லோ மாறி மாறி வந்தனாங்கள். எனக்கும் தைக்கிற வேலை கிடக்குது, பிள்ளை."

இங்கே வீட்டுக் கதவு இரண்டு பாதியாக இருக்கும், மேல்பாதி தனி, கீழ்ப்பாதி தனி. மேல்கதவு திறந்திருந்தால் வரலாம். சாத்தியிருந்தால் ஒருவரும் தட்ட மாட்டார்கள், ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததால் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நமக்குப் பகலில் கதவு சாத்திப் பழக்கமில்லையே. பட்டப்பகலில் கதவைச் சாத்தினால் வீட்டில் சண்டை, இல்லாவிட்டால் சாவு என்றுதானே நம் ஆட்கள் நினைப்பார்கள். நான் மரியாதைக்குத் திறந்து வைத்தேன். அவர்கள் இரக்கத்துக்கு வந்தார்கள். அன்று பின்னேரம் ஸஹ்றா அக்கா போனதும் மேல்கதவைச் சாத்திவிட்டுப் படுத்தேன். பிறகு எழும்பித் திறந்தபோது முற்றத்தில் எல்லோரும் தங்கள் பாட்டில் இருந்தார்கள். ஒருவர் முகமும் கோணவில்லை. பெரிய மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

லயத்தில் கதவு இருந்தும் சாத்த முடியாது என்பீர்கள். முகாமில் கதவே இல்லை, தொங்கவிட்ட ஒரு தறப்பாள்தான். இங்கே சாத்துவது உங்கள் விருப்பம்.

ஆனால் ஒன்று இருக்கிறது. ஒரு முறை ரீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாவாம். மேல்கதவு சாத்தியிருந்ததால், மனிசி ஓய்வாக இருக்கிறா என்று எல்லோரும் மரியாதையாகப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் புதிதாக ஒரு வழக்கம். பகல் முழுக்கத் திறக்காத வீட்டு வாசலில், லைற் போடுகிற நேரத்தில் யாராவது நின்று ஒருதரம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உள்ளே இருந்து ஓம் என்றால் போதும், போய்விடுவார்கள். கதவு திறக்கத் தேவையில்லை. வேறு ஒன்றும் சொல்லவும் தேவையில்லை.

சண்டை இல்லை என்று சொல்ல மாட்டேன். மாதத்தில் ஒருநாள் கூட்டம். கை தூக்கிப் பெரும்பான்மை பார்ப்பதில்லை, எல்லோரும் சம்மதிக்கும்வரை கதைக்க வேண்டும். அருட்பிரகாசம் ஐயா கருவாடு காயப்போடுகிற இடத்துக்கும் ஸஹ்றா அக்காவின் உடுப்புக் கொடிக்கும் நடந்த வழக்கு மூன்று கூட்டம் இழுபட்டது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசினால் ஒரு மூலை, வடக்கிலிருந்து வாடை வந்தால் மற்ற மூலை என்று முடிந்தது. முறைக்கு ஒவ்வொருவரும் வாய் திறக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். முதல் கூட்டத்தில் எனக்கும் அதேதான் என்றேன். அதே என்றால் எது என்று ரீச்சர் கேட்டுவிட்டா. பட்டம் எடுத்த பிள்ளை கோப்பை கழுவ எழும்பிப் போனேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் கந்தோருக்குப் போகிற நேரங்களில், பக்கத்துக் கட்டில்காரரின் ஆள் என்று நினைத்து நீங்கள் நெல் விலை கதைத்தீர்களே, வெள்ளைச் சாரம் கட்டின மனிதர், அவர்தான் அருட்பிரகாசம் ஐயா. மத்தியானம் போத்தலில் வந்த மீன் சொதி ஆஸ்பத்திரிச் சாப்பாடு இல்லை. ஆஸ்பத்திரியில இவ்வளவு நல்லா ஆக்குறாங்களா என்று நீங்கள் கேட்டபோது நான் சிரித்தேன். அது ஸஹ்றா அக்கா வைத்தது. சொன்னால் வேண்டாம் என்பீர்கள் என்று அவர்கள்தான் சொல்லவிடவில்லை. நான் ஒருவரிடமும் உதவி கேட்கவில்லை, அப்பா. செய்தி கேட்டு நான் ஓடினபோது மேல்கதவைத் திறந்தபடி விட்டுவிட்டேன். அதைப் பார்த்து விசாரித்துத்தான் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

முற்றத்தின் மூலையில், வேலியோரத்து வீடு ஐப்பசியில் காலியானது. யாருக்குக் கொடுப்பது என்று போன கூட்டத்தில் கதைத்தார்கள். வஸீர் அண்ணனின் கடைக்கு வருகிற ஒரு குடும்பமும் கேட்டிருக்கிறது. என் முறை வந்தது. எங்கள் அப்பா தனியாக இருக்கிறார் என்று சொன்னேன். இவ்வளவும் சொல்ல எனக்கு வேர்த்துவிட்டது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு வஸீர் அண்ணன் விசாரணை தொடங்கினார். றேடியோ பெரிசாகப் போடுவாரோ என்று கேட்டார். பொய் சொல்ல முடியவில்லை. ஓம், விடிய ஐந்து மணிக்கே போடுவார் என்றேன். அப்ப எனக்கு சுபஹுத் தொழுகைக்கு அலாரம் மிச்சம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரீச்சர் மட்டும் சிரிக்காமல், உங்கள் பெயரைச் சொல்லி, மாரிமுத்து அண்ணனுக்கு இது விருப்பமோ, அவரைக் கேட்டனீயோ என்றா. இன்னும் இல்லை என்றேன். அடுத்த கூட்டம் வரைக்கும் வீட்டை ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருப்போம், கேட்டுக்கொண்டு வா என்றா. அந்தக் கூட்டம் வருகிற ஞாயிறு. அதனால்தான் இந்தக் கடிதம்.

வயலை விடச் சொல்லவில்லை. விதைப்புக்கும் வெட்டுக்கும் போய் நிற்கலாம், பஸ் இருக்கிறது. இரண்டு ஆடுகளைப் பற்றி இன்னும் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. வேலிப் படலை பூட்ட மறந்தால் கழுதைகள் வந்து தோட்டத்தை மேய்கிற இடத்தில் இரண்டு ஆடு பெரிய விஷயமில்லை என்று நானே சொல்லப் பார்க்கிறேன். வீட்டைக் கழுவிவிட்டேன். மேல்கதவுக்கு உள்பக்கம் புதுக் கொண்டி போட்டிருக்கிறது. நீங்கள் வருடம் முழுக்கச் சாத்தி வைத்திருந்தாலும் ஒருவரும் குறை நினைக்க மாட்டார்கள். பொழுதுபடும்போது வாசலில் நின்று ஒருதரம் மட்டும் கூப்பிடுவேன்.

வந்துவிடுங்கள் அப்பா. இதைப் போனில் கேட்க என்னால் முடியவில்லை. நீங்களும் காரணம் ஒன்றும் சொல்ல வேண்டாம், பதில் கடிதமும் எழுத வேண்டாம். சனிக்கிழமை நான் போன் எடுப்பேன். வழக்கம் போலச் சாப்பிட்டீங்களா என்று கேட்க மாட்டேன். அப்பா என்று மட்டும் கூப்பிடுவேன். நீங்கள் ஓம் என்றால் போதும். உங்கள் வாய்க்கு வருகிறது போல ஆமா என்றாலும் சரிதான்.

உங்கள் பாப்பா,
டிலோஜினி