நாலில் ஒன்று

தாயி,

இன்று காலை சர்க்கரை பார்க்க நாகல் நகரில் ரத்தம் கொடுத்தேன். ஊசி குத்துமுன் லேப் பெண் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுக் கையில் தேய்த்தாள். வாசனை மூக்கில் ஏறியதும், தங்கச்சி, நீதான் எதிரே வந்து நின்றாய். நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் நம் தோட்டத்தில் நடந்த காதுகுத்து. எண்பதுகளின் தொடக்கம். ஐதராபாத்திலிருந்து ஐஸ் போட்ட பிளாஸ்க்கோடு வந்து இறங்கினாய். சொந்தம் அத்தனையும் ஒரே இடத்தில் சிக்கும் நாள் அதுதான் என்று உனக்குத் தெரியும். பந்தி முடிந்து கை கழுவியவர்களைப் பிடித்து உட்காரவைத்து, யாருக்கு யார் என்ன உறவென்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டே ரத்தம் எடுத்தாய். "ஏத்தா, கறிச்சோறு திங்க வருவாகன்னு பார்த்தா, நீ கொசுவாட்டம் ரத்தம் குடிக்க வந்திருக்க" என்று மாமா கேலி செய்தார். "ரெண்டு சொட்டுத்தான் மாமா, தின்ன கறிக்கு நாளைக்கே ஊறிரும்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. நம் தம்பி ஐந்து வயதில் வெளுத்து, வயிறு வீங்கிச் செத்தான். சோகை என்றார்கள். அவனை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் நீ. மூலக்கூறு உயிரியல் என்று எங்கள் வாயில் நுழையாத ஒரு படிப்பில் நீ போய் விழுந்தது அவனால்தான்.

மூன்று மாதத்தில் எனக்கு உன் கடிதம் வந்தது. அதற்குள் என் மகன் முருகேசனுக்கும் நம் அக்கா மகள் வளர்மதிக்கும் பரிசம் போட்டுப் பத்திரிகையும் அடித்தாயிற்று. 'ரெண்டு பேர் ரத்தத்திலும் அது இருக்கிறது அண்ணே. அவர்களை ஒன்றும் செய்யாது. ஆனால் அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்கு, நம் தம்பிக்கு வந்தது வரும். ரெண்டு பேரிடமும் சொல்லிவிடு' என்று எழுதியிருந்தாய்.

நான் சொல்லவில்லை. என் புத்தி போன போக்கைக் கேள். நாலில் ஒன்று என்றால் நாலாவது பிள்ளைக்குத்தான் வரும் என்று நினைத்தேன். சுவருக்குச் சுவர் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்து, ரெண்டோடு நிறுத்தச் சொன்ன காலம். நாலாவதுக்கு எவன் போகிறான்? கடிதத்தை அடுப்பில் போட்டேன். கல்யாணத்துக்கு வந்த நீ, சொன்னாயா என்று கேட்டாய். "சொல்லியாச்சு தாயி, பரவால்லன்னுட்டாங்க" என்றேன். நாக்குக் கூசவில்லை.

முதல் பிள்ளைக்கே வந்தது. பேரன் கதிரை மாதாமாதம் மதுரைக்குக் கொண்டுபோய் ரத்தம் ஏற்றினோம். பஸ்ஸில் என் மடியில்தான் படுத்து வருவான். "தாத்தா, இன்னைக்கு ஒரு ஊசிதானே?" என்று கேட்பான். ஆறு வயதில் போய்விட்டான்.

துக்கத்துக்கு வந்த உன்மேல், கூடியிருந்தவர்கள் முன்னால் முருகேசன் பாய்ந்தான். "எங்க ரத்தத்த எடுத்துட்டுப் போனீகளே அத்தை, ஒத்த வார்த்தை சொன்னீகளா? உங்களுக்கு ஆராய்ச்சிதான பெருசு!" நீ என்னைப் பார்த்தாய். அப்போதுதான் உனக்குப் புரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ வாயைத் திறந்திருந்தால் அந்த இடத்திலேயே என் மானம் போயிருக்கும். திறக்கவில்லை.

உன்னைப் பஸ் ஏற்றிவிட வந்தபோது என் நாலாவது பிள்ளைக் கணக்கைச் சொல்லி அழுதேன். "அது வரிசைல நின்னு வாரதில்லண்ணே. ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல்லருந்துதான்" என்றாய். பஸ் வந்து நின்றதும், "என் தப்பும் இருக்கு. அவங்க ரத்தத்தப் பத்தி அவங்களுக்கு எழுதாம உனக்கு எழுதினேன் பாரு. ஆனா அவன்கிட்ட நான் சொல்லமாட்டேன். நீதான் சொல்லணும்" என்றாய்.

அதன்பிறகு நீ நம் வீட்டுப் படி ஏறவில்லை. தம்பியைக் கொன்ற நோய் மரபணுவில் எந்த இடத்துப் பழுதால் வருகிறதென்று கண்டாய், வெளிநாடுகளில் போய்ப் பேசினாய். எல்லாம் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உன் சாவுக்கு முருகேசனைக் கூப்பிட்டேன். "எம்பிள்ளைய வாரிக் குடுத்ததே அவுகளாலதான். நான் வரல" என்றான். அப்போதும் நான் சொல்லவில்லை. பாவி, தனியாக வந்தேன்.

அங்கே உன்னிடம் வேலை பார்த்த பெண் ஒருத்தி சொன்னாள்: "எங்க லேப்ல அம்மா ஒரு சட்டம் வச்சிருந்தாங்கய்யா. ரத்தம் யாரோடதோ, ரிசல்ட் அவங்க கையிலதான். அப்பா கேட்டாலும் கிடையாது, அண்ணன் கேட்டாலும் கிடையாது. ஏன்னு கேட்டா பதிலே சொல்லமாட்டாங்க." உன்னிடம் படித்தவர்கள் எந்த ஊருக்குப் போனாலும் அதையே கடைப்பிடிக்கிறார்களாம். அந்தச் சட்டம் எதனால் வந்ததென்று எனக்குத் தெரியும். உன் படிப்புக்கு இந்த அண்ணன் கொடுத்தது அது ஒன்றுதான்.

இன்று வீட்டுக்கு வந்ததும் முருகேசனை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். கடிதம், அடுப்பு, உன்னிடம் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"அத்தையத் தூக்கையில நான் இல்லையேப்பா" என்றான்.

இனி இருக்கும் நாளெல்லாம் அந்தக் குரலோடுதான் நான் இருக்க வேண்டும்.