உங்கள் பள்ளிக்கூடமும் தோற்றது, எங்கள் பள்ளிக்கூடமும் தோற்றது

லிப்டை ஒருநாளும் நம்பாத என் அன்பு அத்தானுக்கு,

இப்படிக் கடிதம் எழுதுகிறவர்கள் வழக்கமாக முதலில் அழுவார்கள். எனக்கு இப்போது அதற்குப் பொறுமையில்லை. உங்களிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. அதைச் சொல்லி முடிக்கும்வரை எனக்கு வேலை ஓடாது.

உங்கள் மகன் ஆரூரன் பள்ளிக்கூடம் மாறிவிட்டான். ஆறாம் வகுப்பு, முதலாம் தவணை பாதி போன பிறகு, உங்கள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான். கோபப்படாதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நம்முடைய சண்டை தெரியாதல்லவா? நீங்கள் கொட்டாஞ்சேனைப் பெடியன். நான் காலி வீதிப் பக்கம் படித்தவன். அக்காவைப் பார்க்க வந்த அன்று, தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும் முன்பே நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பள்ளிக்கூடம், தம்பி?" நான் சொன்னேன். "பரவாயில்லை, ஆளைப் பார்த்தா நல்ல பெடியனாத்தான் தெரியுது" என்றீர்கள். அன்றைக்குத் தொடங்கியது. ஆரூரன் பிறந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, "இவன் எங்கட பள்ளிக்கூடத்துப் பெடியன். நீ கிட்ட வராத" என்று என்னைத் தள்ளிவிட்டீர்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் யார் என்பதும் எனக்குத் தெரியும். பாண்ட் வாத்திய அணிக்கு முன்னால் வெள்ளைக் கையுறையோடு நடந்து, கோலை வானத்துக்கு எறிந்து, பார்க்காமலே பிடித்த 'ஸ்டிக் ரமணன்'. உங்கள் படம் இன்னும் மண்டபச் சுவரில் இருக்கிறது.

போன வருசம் நீங்கள் கண்ணை மூடிய பிறகு, உங்கள் பழைய மாணவர் சங்கத்துக்காரர்கள் தாங்களாகவே வீட்டுக்கு வந்தார்கள். "ரமணன்ட மகன் வேற எங்க போறது?" என்றார்கள். அக்கா தலையாட்டினாள். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பிள்ளைகளை ஏற்றுகிற வான் பேசினாள். உங்கள் பழைய டையை எடுத்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் கழுத்திலேயே கட்டிப் பழகி, பிறகு அவனுக்குக் கட்டிவிட்டாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் இல்லாத நேரத்தில் உங்களோடு சண்டை பிடிப்பது எப்படி?

ஒரு மாதம் ஆகியிருக்காது. சனிக்கிழமை காலை, தோசைக்கு முன்னால் இருந்துகொண்டு பெடியன் சொன்னான்: "மாமா, எனக்கு வேற பள்ளிக்கூடம் பார்க்கலாமோ?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. "ஓமடா, திங்கக்கிழமையே பார்ப்பம்" என்றேன். அக்கா தோசைக்கரண்டியோடு குசினியிலிருந்து வந்தாள்.

"நீ உன்ர பள்ளிக்கூடத்துக்கு ஆள் சேர்க்கிறியோ?"

"அக்கா, அவனாத்தான் கேட்டவன்."

"அவன் கேட்டா? தவணை தொடங்கியாச்சு. உடுப்பு, புத்தகம், வான் எல்லாம் எடுத்தாச்சு. அவர் கடைசியா ஆசைப்பட்டது அது ஒண்டுதானேடா. அதையும் நான் மாத்துறதோ?"

 ஏன் மாற வேண்டும் என்று பெடியனிடம் கேட்டேன். "சும்மா" என்றான்.

சும்மா என்று உலகத்தில் ஒன்றும் நிற்பதில்லை. லிப்ட் திருத்துகிற எனக்குத் தெரியும், ஒரு லிப்ட் நின்றால் அதற்குக் காரணம் இருக்கும். கதவா, மோட்டரா, போர்டா என்று பார்க்காமல் சாமானை மாற்றுகிறவன் மெக்கானிக் இல்லை. அக்காவிடமும் அதைத்தான் சொன்னேன்: "மாத்துறதா இல்லையா எண்டு பிறகு பார்ப்பம். முதல்ல பிழை எங்க எண்டு நான் பிடிக்கிறன்."

முதல் சந்தேகம் தூரம். வானை நிறுத்திவிட்டு ஒரு கிழமை நானே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். கடல் காற்று, நேரத்துக்கு முன்பே வாசலில் இறக்கம். முகம் அப்படியேதான் இருந்தது. இரண்டாவது சந்தேகம் யாரும் அடிக்கிறார்களா என்பது. இல்லை. எல்லாரும் நல்லவர்களாம். கன்ரீனில் சில நாட்களில் காசே வாங்க மாட்டார்களாம். மூன்றாவது, படிப்பு. கணக்கில் வகுப்பிலேயே முன்னுக்கு நிற்கிறான். பிறகென்ன?

எனக்குப் பொறுமை போய்விட்டது. உங்கள் நண்பர் மனோ அண்ணைக்குப் போன் எடுத்தேன். சங்கத்தில் இப்போது பெரிய ஆள் அவர். "பெடியன் அங்க ஒட்டுறான் இல்லை அண்ணை. என்ன எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றேன்.

"விடு தம்பி. ரமணன்ட மகன் எங்கட மகன். நான் பார்க்கிறன்."

அவர் பார்த்த விதத்தைக் கேளுங்கள். அடுத்த திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் ஆரூரனை மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் பிடித்த அதே கோலைத் துடைத்து மினுக்கி அவன் கையில் கொடுத்து, உங்களைப் பற்றிப் பேசி, முழுப் பள்ளிக்கூடமும் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறது. மனோ அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குப் போன் எடுத்தார். "இனிப் பார், பெடியன் ஒட்டிடுவான்."

பெடியன் வீட்டுக்கு வந்தான். டையைக் கழற்றினான். உங்கள் அலுமாரியைத் திறந்து, உங்கள் சேர்ட்டுகளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டான். "இது அப்பாட. அப்பாட்டயே இருக்கட்டும்" என்றான். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். பிழை பிடிக்கிறேன் என்று போய் இன்னும் மோசமாக்கிவிட்டு வந்து நின்றேன்.

அந்தச் சனிக்கிழமை அவனை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கொம்பனித்தெருவில் புதிதாக எழும்பிய கட்டடம் ஒன்றில் லிப்டைத் திருத்தி, ஓட்டிப் பார்க்கிற வேலை. கீழே இருந்து உச்சிக்கும், உச்சியிலிருந்து கீழேயும் இரண்டு பேரும் போய் வந்தோம். அவன் மாடி எண் விளக்கு மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"பயமோ?" என்றேன்.

"இல்ல. அப்பாக்குத்தான் பயம்."

அத்தான், நீங்கள் போன பிறகு, நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வசனம் அதுதான். நான் பொத்தானை அழுத்தாமல் நின்றேன்.

"அங்க பள்ளிக்கூடத்தில ஒருத்தருக்கும் அது தெரியாது மாமா."

"நீ சொல்லேல்லையோ?"

"சொன்னனான். பாண்ட் பழக்கிற சேர் சிரிச்சார். 'ஸ்டிக் ரமணன் லிப்டுக்குப் பயமோ, உனக்கு ஆரோ பொய் சொல்லியிருக்கினம்' எண்டார். பெடியளும் நம்பேல்லை." லிப்ட் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அங்க எல்லாரும் எனக்கு அப்பாவைப் பற்றிச் சொல்லுவினம். நான் சொல்லுறதுக்கு ஒண்டும் இல்லை."

பிழை பிடிபட்டுவிட்டது. தூரமும் இல்லை, அடியும் இல்லை, கணக்கும் இல்லை. அங்கே அவன் போவதற்கு முன்பே நீங்கள் போய் நின்றுகொண்டிருந்தீர்கள், வெள்ளைக் கையுறையோடு. அது அவனுடைய அப்பா இல்லை. அவனுடைய அப்பா தண்ணீர்ப் போத்தல் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு ஏழாம் மாடியில் இருக்கிற எங்கள் வீட்டுக்குப் படியால் ஏறுகிறவர். கீழே நிற்கிற காவல்காரர் ஒவ்வொரு பின்னேரமும் "சேர், லிப்ட் வேலை செய்யுது" என்று சிங்களத்தில் பகிடி விட, "உடம்புக்கு நல்லது" என்று மூச்சிரைக்க அதே சிங்களத்தில் பொய் சொல்கிறவர். மச்சான் லிப்ட் திருத்துகிறவனாக இருந்தும், அவன் திருத்திய லிப்டில் கூட ஏறாதவர்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் அப்படியே சொன்னேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

"நான் வேற மாதிரியெல்லோ நினைச்சனான்" என்றாள். "அங்க எண்டாலும் ஒவ்வொரு நாளும் ஆராவது அவரைப் பற்றிக் கதைக்கினம், பிள்ளைக்கு அது கிடைக்கட்டும் எண்டு. வீட்டில நாங்கள் கதைக்கிறதில்லையே."

உண்மைதான். நாங்கள் கதைப்பதில்லை. அவள் அழுவாள் என்று நான் கதைப்பதில்லை. பெடியன் அழுவான் என்று அவள் கதைப்பதில்லை. நாங்கள் இரண்டு பேரும் அழுவோம் என்று அவன் கதைப்பதில்லை. இதை நான் ஏன் முதலே சோதித்துப் பார்க்கவில்லை?

பிறகு அக்கா எழும்பி அவனைக் கூப்பிட்டாள். "மாத்துவம், ஆரூ" என்றாள். அவ்வளவுதான்.

நான் எப்படி இருந்திருப்பேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? போனைக் கையில் எடுத்துவிட்டேன். "எங்கட பழைய சேரோட நான் ஏற்கெனவே கதைச்சு வச்சிருக்கிறன். இடம் இருக்காம். போனவுடன ஆளைத் தெரியும், ஒரு கஷ்டமும் இருக்காது."

பெடியன் என்னைப் பார்த்தான். "அங்கயும் எல்லாருக்கும் உங்களைத் தெரியுமோ?"

"பின்ன? கேட்டுப் பார்."

"அப்ப அங்க நான் கோபியின்ட மருமகன்."

அக்கா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்தாமலே சிரித்தாள். நீங்கள் போன பிறகு அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் கேட்டதில்லை. "உனக்கு வேணும், நல்லா வேணும்" என்றாள். "இவ்வளவு காலமும் ரெண்டு பேரும் இழுத்தீங்களே. இப்ப ரெண்டு பேருக்கும் இல்லை." என் வாழ்நாளில் நான் இவ்வளவு சந்தோசமாக ஒன்றிலும் தோற்றதில்லை.

அவன் இப்போது போவது வெள்ளவத்தையிலேயே, நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். சொன்னால் நீங்கள் நெஞ்சைப் பிடிப்பீர்கள்: பாண்ட் இல்லை. மைதானம் என்று ஒரு சீமெந்து முற்றம். சுவரில் நமக்குத் தெரிந்த ஒருவருடைய படமும் இல்லை. அதிபர் ஒரு அம்மா. "தவணை நடுவில ஏன் மாத்துறீங்கள்?" என்று கேட்டார். "தூரம் மிஸ்" என்று நான் தொடங்கினேன். "தூரம் இல்ல மிஸ். எனக்குப் புதுசாத் தொடங்கவேணும்" என்றான் உங்கள் மகன். அவர் அவனை ஒருமுறை பார்த்தார். என்னை அதற்குப் பிறகு பார்க்கவேயில்லை.

மனோ அண்ணையிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. விடுகைப் பத்திரத்தை அவரே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கதவடியிலேயே நின்று, "நாங்கள் ஏதும் பிழை விட்டமோ, தங்கச்சி?" என்று கேட்டார். அக்கா அவரை உள்ளே இருத்தித் தேநீர் கொடுத்தாள். "இல்லை அண்ணை. அன்பு கூடிப்போச்சு, அவ்வளவுதான்." நான் என் பாஷையில் விளக்கினேன்: லிப்டில் பாரம் கூடினால் மணி அடிக்கும். உள்ளே நிற்கிற ஒருவரும் கெட்டவர் இல்லை. யாராவது இறங்கினால்தான் அது மேலே போகும். அவர் கோப்பையைத் தொடாமலே, "உங்கட பள்ளிக்கூடத்துக்குப் போகேல்லைத்தானே?" என்றார். இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் தேநீரைக் குடித்தார்.

இனித்தான் செய்தி. இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நேற்று தமிழ்ப் பாடத்தில் வீட்டில் உள்ள ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். ஆரூரன் எழும்பி உங்களைப் பற்றிப் பேசியிருக்கிறான். வானத்துக்கு எறிந்த கோலைப் பற்றி அல்ல. லிப்டுக்குப் பயந்த மனிதரைப் பற்றி. காவல்காரர் கேட்பதை அப்படியே சிங்களத்தில் சொல்லி, நீங்கள் மூச்சிரைப்பதை நடித்துக் காட்டி, ஐந்தாம் மாடியில் சப்பாத்து லேஸ் கட்டுவது போல் குனிந்து நின்று களைப்பாறுவதையும் போட்டு உடைத்துவிட்டான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். உங்கள் மானம் கப்பலேறிவிட்டது அத்தான், மன்னியுங்கள். கூடப் படிக்கிற ஒரு பெட்டை, "பிறகு?" என்று கேட்டிருக்கிறாள்.

"பிறகு என்ன சொன்னனீ?" என்று அக்கா கேட்டாள்.

"அப்பா போன வருசம் செத்துப்போனார் எண்டு சொன்னனான். அவையள் சிரிக்கிறதை நிப்பாட்டிச்சினம். பிறகு நான் இன்னொரு பகிடி சொன்னனான், திரும்பச் சிரிச்சினம்."

அந்த வசனத்தை நான் இன்னும் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதோடு விடவில்லை. அடுத்த கிழமைக்கு அவனுக்கு இன்னும் கதை வேண்டுமாம். "அம்மா, கலியாணத்துக்கு முதலும் அப்பா அப்பிடியோ?" என்று கேட்டான்.  அக்கா எனக்கே தெரியாத கதையைச் சொன்னாள். கலியாண மண்டபம் நாலாம் மாடியில். பொம்பிளை லிப்டில் வந்து இறங்குகிறாள். மாப்பிளையைக் காணவில்லை. பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியால் ஏறி, தலைப்பாகை சரிய, வியர்வையில் குளித்துக்கொண்டு நீங்கள் வந்து நிற்கிறீர்கள். சபை முழுக்க, மாப்பிளைக்கு வெட்கம், அதுதான் வியர்க்கிறது என்று பேசிக்கொண்டது. நானும் அந்தச் சபையில்தான் நின்றேன். நானும் அப்படித்தான் நினைத்தேன். இவ்வளவு காலமும் இதை ஏன் என்னிடம் மறைத்தீர்கள்?

நேற்று எங்கள் வீட்டில் நீங்கள் இருந்தீர்கள். மினுக்கிய கோலோடு அல்ல, வியர்த்துப்போய்.

அந்தக் கோல் மனோ அண்ணையிடம் பத்திரமாக இருக்கிறது. ஆரூரன் என்றைக்காவது பார்க்கவேண்டும் என்று கேட்டால், அன்றைக்கே கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப் போவேன். கேட்காவிட்டால் நான் வாய் திறக்க மாட்டேன். வாய் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொரு வாக்கும் தருகிறேன். உங்கள் திவசத்தன்று கோயிலிலிருந்து வந்ததும் நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்குப் படியால்தான் ஏறுவோம். லிப்ட் நன்றாக ஓடுகிறது, நானே பார்த்துவிட்டேன். இருந்தாலும் ஏறுவோம். ஐந்தாம் மாடியில் நின்று எல்லாருமாகச் சப்பாத்துக் கட்டுவோம். வழி முழுக்க உங்கள் மகன் கதை சொல்வான். நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு வருவேன்.

பள்ளிக்கூடச் சண்டையில் இனி உங்களோடு சமநிலையில் நிற்கிற,
உங்கள் மச்சான்,
கோபி