பின்பெஞ்சிலிருந்து நீ பார்த்த வகுப்பு

இன்று காலை அறையைக் குளிர்விக்கும் ஜன்னல் கூலரில் புதுப் புல் வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். அந்த ஈர வாசம் பரவியதும், ஆராய்ச்சி நிலையத்தில் நாம் இருவரும் மேசை போட்டு உட்கார்ந்திருந்த சின்ன அறை ஞாபகம் வந்துவிட்டது. நீ போய்ச் சில கோடைகள் ஆகிவிட்டன. எண்பதுகளும் முடியப்போகின்றன.

எழுபதுகளில் நமக்கு ஒரே கேள்வியைத்தான் கொடுத்தார்கள்: தில்லியில் தமிழ்ப் பிள்ளைகள் ஏன் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள்? நான் பள்ளி பள்ளியாகப் பரீட்சைத்தாள் கொடுத்து மதிப்பெண்களைக் கூட்டிக் கழித்தேன். நீ மோதி பாக்கில் உன் அண்ணன் குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் பஸ் பிடித்து, ஒரே ஒரு வகுப்பின் பின்பெஞ்சில் வருஷம் முழுக்க உட்கார்ந்து பார்த்தாய்.

செல்வியைக் கண்டது நீதான். சேலம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் மகள். அவள் பேச்சைக் கேட்டு ஆபீசர் வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள், டீச்சரும் சிரித்துவிட்டார். அன்றோடு அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. என் தாளில் அவளுக்குப் பூஜ்யம். ஆனால் பள்ளி வாசலில் அவளே காய்கறி வண்டிக்காரரை "பையா, பையா" என்று அண்ணன் முறை வைத்து மடக்கி இந்தியில் பேரம் பேசியதை நீ கேட்டிருந்தாய்.

"ஏட்டி, ஒன் கணக்கு பொய்யில்ல. ஆனா அவளுக்கு என்ன நடந்துச்சுன்னு அதுக்குத் தெரியாதுல்லா" என்றாய், உன் திருநெல்வேலிப் பேச்சில்.

சிரிப்புதான் காரணம் என்று எழுதத் தொடங்கினாய். அதே சிரிப்புக்கு ஆளான ஒரு பையன் துணிச்சலாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும், எழுதிய பக்கங்களை நீயே கிழித்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்தாய்.

நம் அறிக்கையைப் பரிசீலித்த கமிட்டியின் தலைவர் கேட்டது ஒன்றுதான். "ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு என்ன சொல்ல முடியும்? சாம்பிள் எங்கே?"

நீ எழுந்து நின்று, என்னைக் கைகாட்டி, ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாய். "அதை அவளிடம் கேளுங்கள், சார். என்னிடம் வேறு கேளுங்கள். போதுமான காலம் உட்கார்ந்தேனா? என் முடிவுக்கு மாறான பிள்ளையைத் தேடினேனா? இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள்."

நானும் பேசினேன். என் கணக்கையும் நீ நேரில் பார்த்து எழுதியதையும் ஒரே அளவுகோலால் பார்த்தால் இரண்டுக்குமே நியாயமில்லை என்றேன். என் அட்டவணைகள் அச்சாயின. உன் அத்தியாயத்தை எடுத்துவிட்டார்கள். உன் வேலையையும் நீட்டிக்கவில்லை.

ஸ்டேஷனில் ரயில் கிளம்புமுன் சொன்னாய், செல்வி படிப்பை விட்டு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள் என்று. பிறகு, "தோத்ததுல வருத்தமில்லட்டி. படிச்சுப் பாத்துட்டு மோசம்னு சொல்லியிருந்தாக்கூட எனக்குச் சந்தோஷந்தான்" என்றாய்.

ஊரில் ட்யூஷன் எடுத்தாய். அப்புறம் நோய். அப்புறம் ஊரிலிருந்து உன் அண்ணனின் தந்தி.

போன வாரம் நானே ஒரு கமிட்டியில் இருந்தேன். ஒரு பெண் உன்னைப் போலவே ஒரு வகுப்பறையைப் பார்த்து எழுதியிருந்தாள். அதே கேள்வி வந்தது. அன்று சொன்னதையே சொன்னேன், அன்று போலவே தோற்றேன். அவள் காகிதங்களை அடுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். இனி மாறும் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

உன் அத்தியாயத்தை முழுதாகப் படித்தவள் நான் ஒருத்திதான். நடுவில் சில இடங்கள் பலவீனம், உன்னிடமே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் நல்ல ஆராய்ச்சி அது. நான் இருக்கிறவரை, அப்படிச் சொல்ல ஒருத்தி இருப்பாள்.