சடங்கு வாரத்தில் எண்ணிய வீடு

சிவமயம்

அனுப்புநர்:
திருமதி கேதீஸ்வரி சிவபாதம்,
கோயில் ஒழுங்கை,
தில்லையடிக்குடா, படுவான்கரை,
மட்டக்களப்பு.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

ஊடாக: கிராம உத்தியோகத்தர் அவர்கள்

விடயம்: முதியோர் வீட்டுத் துணைத் திட்டத்தில் திரு. வினாயகமூர்த்தி குடும்பம் விடுபட்டமையும், எமது கிராமத்தில் மீண்டும் கணக்கெடுக்க வேண்டுவதும்

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் வீட்டு வேலை பார்க்கும் குடும்பப் பெண். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் நின்றது. மிகுதியைப் பத்திரிகையையும் தேவாரப் புத்தகத்தையும் வைத்து நானாகப் படித்துக்கொண்டேன். எழுதும் முறையில் பிழை இருந்தால் பொறுத்து, விடயத்தை மட்டும் பார்க்குமாறு பணிவுடன் கேட்கிறேன்.

2. என் தகப்பனாரின் தங்கை திருமதி கண்ணகை (வயது 73) எனக்குப் பக்கத்து வளவில் இருக்கிறா. அவவின் கணவர் வினாயகமூர்த்தி மாமாவுக்குப் போன வருடம் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. ஆள் பாரமானவர். அவரைத் தூக்கி இருத்தவும் பிரட்டிப் படுக்கவைக்கவும் இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கம் மாமி, மறுபக்கம் நான். அவருக்குக் கை கால் போனாலும் வாய் போகவில்லை. "மெதுவாப் பிடியுங்ககா, நான் நெல்லு மூடை இல்ல" என்பார். இப்போது முதுகில் புண் தொடங்கியிருக்கிறது. ஒழுங்காகப் பிரட்டாவிட்டால் புண் எலும்புவரை இறங்கும் என்று கிளினிக் தாதி சொல்லிவிட்டா.

3. எனக்கு இம்மாதம் 21ஆம் திகதி வியாழக்கிழமை பெண்களுக்குரிய சத்திரசிகிச்சை ஒன்றுக்குத் திகதி தந்திருக்கிறார்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் பாரம் தூக்கக் கூடாதாம். என் கணவர் வாழைச்சேனையில் மீன்பிடி வள்ளத்தில் வேலை. கடலுக்குப் போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. அக்கம்பக்கத்தில் கேட்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். ஐயா, எங்கள் ஒழுங்கையில் ஆக வயது குறைந்தவள் நான்தான். எனக்கு ஐம்பத்தாறு.

4. தங்கள் அலுவலகத்தார் இவ்வருடம் கோயில் மடத்தில் கூட்டம் வைத்தபோது நானும் போயிருந்தேன். தெற்காசியாவில் வேகமாக முதுமையடைந்துவரும் நாடுகளில் எங்கள் நாடும் ஒன்று, அதற்கு இப்போதே ஆயத்தமாக வேண்டும், ஆதரவற்ற முதியோரின் வீட்டுக்கே பயிற்சி பெற்ற உதவியாளர் வருவார் என்று விளக்கினார்கள். எங்கள் ஒழுங்கையில் நடப்பது மேலே உள்ளவர்களுக்கும் தெரிந்திருக்கிறதே என்று அம்மனை நினைத்துக் கும்பிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

5. அதற்கான கணக்கெடுப்பு நடந்தது வைகாசியில், கண்ணகை அம்மன் சடங்கு வாரத்தில். அந்த நாட்களில் வந்தால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று நல்லெண்ணத்தில்தான் வந்திருப்பார்கள். பிழை அங்கேதான் நடந்தது. அம்மன் கோயில் கதவு திறந்த நாள் முதல் கடைசி நாள் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை, எந்த ஊரில் இருந்தாலும் பிள்ளைகள் இங்கே வந்துவிடுவார்கள். மாமியின் மகன் நிலோஜன் கொழும்பிலிருந்து பெண்சாதி பிள்ளைகளோடு வந்திருந்தார். மகள் பிரஷாந்தி சைப்பிரசிலிருந்து லீவில் வந்து நின்றா. வீட்டில் ஆர் ஆர் இருக்கிறீர்கள் என்று கணக்கெடுக்க வந்த தம்பி கேட்டதற்கு, "எல்லாரும்தான் மகன். பாருங்கவன், வீடு கொள்ளாம இருக்கு" என்று மாமி முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னா. படிவத்தில் ஒன்பது பேர் பதிவானது.

6. மாமி பொய் சொல்லவில்லை. அன்றைக்கு ஒன்பது பேர் இருந்தது உண்மை. அம்மன் கதவு திறந்திருக்கும் நாளில் "எனக்கு ஆரும் இல்லை" என்ற சொல்லை எங்கள் ஊரில் ஒருவரும் வாயில் எடுக்கமாட்டார்கள். அதுவும் பெற்ற பிள்ளைகள் முன்னால் நிற்கும்போது எப்படிச் சொல்வது? குளிர்த்தி முடிந்த மறுநாள் வாடகை வான் வந்தது, எல்லோரும் ஏறிப் போனார்கள். மாமியும் மாமாவும் மட்டும் மிச்சம். இதே கதைதான் ஒழுங்கை முழுதும். இராசாத்தி அக்கா வீட்டில் பதினொரு பேர் என்று பதிவாம். அவ இப்போது ஒரு கோழியோடு இருக்கிறா.

7. இதைச் சொல்லத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். மேசையில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் கதைத்தார். ஆனால் படிவத்தைப் பார்த்துவிட்டு, "அன்ரி, ஒன்பது பேர் இருக்கிற வீட்டுக்கு இன்னொரு ஆளா? எங்களுக்கும் ஒரு நேரச் சோறு கிடைக்குமா?" என்று சிரித்தார். "அண்டைக்கு வந்திருந்தா வாழையிலை போட்டுத் தந்திருப்பம் தம்பி" என்று நானும் சிரித்துவிட்டு வந்தேன். பதிவு செய்ததை மாற்ற வேண்டுமானால் அடுத்த கணக்கெடுப்புவரை பொறுக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். மாமாவின் முதுகுப் புண் அதுவரை பொறுக்குமா என்பதே என் கேள்வி.

8. பிள்ளைகள் பார்க்கவில்லை என்று இந்த மனுவில் எங்கும் நான் சொல்லவில்லை. "புள்ளயளக் குறை சொல்லி எழுதிப்போடாத" என்று மாமி வாசலில் நின்று இரண்டு தரம் சொல்லிவிட்டா. பிரஷாந்திக்குச் சைப்பிரசில் என்ன வேலை என்று மட்டும் அறிவிக்கிறேன். படுக்கையில் இருக்கும் ஒரு வயதானவரைப் பராமரிக்கிறா. மாமாவின் தோளுக்கும் இடுப்புக்கும் எப்படிக் கை கொடுத்துப் பிரட்டுவது என்று வீடியோவில் எங்களுக்குக் காட்டித் தந்ததும் அவதான். இங்கே அந்த வேலைக்கு ஆள் இல்லை.

9. ஆகவே கேட்டுக்கொள்வது:

(அ) எமது கிராமத்தில் சடங்கோ பெருநாளோ இல்லாத ஒரு சாதாரண நாளில் மீண்டும் கணக்கெடுக்க வேண்டும்.

(ஆ) வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பதோடு, நேற்று உங்களைத் தூக்கி இருத்தியவர் ஆர் என்றும் கேட்க வேண்டும்.

(இ) இவை நடக்க நாள் எடுக்கும் என்பது எனக்கு விளங்கும். அதுவரை மாமா வீட்டுக்குத் தற்காலிகமாக ஓர் உதவியாளரை ஒதுக்க வேண்டும்.

10. இதை எழுதும்போதே மாமியின் குரல் கேட்டு இரண்டு தரம் எழும்பிப் போய் வந்தேன். எழுத்துக் கோணியிருந்தால் காரணம் அதுதான். சத்திரசிகிச்சைத் திகதியை ஏற்கனவே ஒருமுறை தள்ளிவைத்தேன். இனித் தள்ளினால் பெயரை வெட்டிவிடுவோம் என்கிறார்கள். 21ஆம் திகதி காலை வாவியைக் கடக்கும் முதல் பாதைப் படகில் நான் அக்கரைக்குப் போக வேண்டும். மாமாவின் மறுபக்கம் பிடிக்க ஒருவர் வந்து நின்றால் போவேன். வராவிட்டால் போகமாட்டேன். இதை மிரட்டலாக எடுக்க வேண்டாம் ஐயா. அவரை அப்படியே போட்டுவிட்டுப் படகில் ஏற எனக்குக் கால் வராது, அவ்வளவுதான். தயவுசெய்து இதற்குப் பதில் கடிதம் அனுப்ப வேண்டாம், ஆளை அனுப்பவும்.

தங்கள் நல்ல முடிவை நம்பியிருக்கும்,

கேதீஸ்வரி சிவபாதம்
(ஒப்பம்)

இடம்: தில்லையடிக்குடா
திகதி: 2025.08.11